மிக்சருக்கு இலை போட்டேன்

ஏனுங்க தம்பி, காதுல மாட்டியிருக்கறதைச் சித்த கழட்டுனீங்கன்னா ஒரு வார்த்தை கேட்டுக்குவேன். காலையில ஏதாச்சும் சாப்பிட்டீங்களா? ஈரோட்டுல ரயில் ஏறுறப்பவே பார்த்தேன். முன்னாடி பலகையில ஒரு பிஸ்கட் பாக்கெட்டு, அதுவும் பிரிக்காமக் கிடக்குது. அதெல்லாம் ஒரு ஆகாரமுங்களா? இந்தாங்க, இட்லி. பொடி தடவி நல்லெண்ணெய் விட்டு எங்கூட்டுக்காரி கட்டிக் குடுத்தது. கீழடுக்குல ஒப்புட்டு இருக்குது, அதாங்க போளி, அது அப்பறம்.

வேண்டாமா? பசியில்லையா? சரி, சேலம் வரட்டும். நான் அவ்வளவு சீக்கிரம் விடறவன் இல்லைங்க.

அய்யய்யோ, அந்த டப்பா வேண்டாம்! அதைத் தொறந்துறாதீங்க, அது புழு. பயப்படாதீங்க, மூடி இறுக்கமாத்தான் இருக்குது, காத்துக்கு ஓட்டை போட்டிருக்கறேன். கோயமுத்தூர்ல ஒரு கடையில சொல்லி வச்சு வாங்கினது. நல்லாக் கொழுத்த புழு. எதுக்கா? பல்லிக்குங்க. பெங்களூர்ல ஒரு பல்லிக்குப் பலகாரம் கொண்டுட்டுப் போறேன். சிரிக்கறீங்க பாருங்க. சிரிங்க, சிரிங்க. எங்க ஊரே சிரிச்சு முடிச்சாச்சு, நீங்க ஒருத்தர்தான் பாக்கி.

எம்பேரு சென்னியப்பன். கவுந்தப்பாடியில வெல்ல மண்டி. ஆனா மண்டிக்காரன்னு கேட்டா எங்க பக்கம் யாருக்கும் தெரியாது. பந்தி விசாரிக்கிற சென்னியப்பன்னு கேளுங்க, சின்னக் குழந்தை கூட வழி காட்டும். சொந்தத்துல எந்த விசேஷமானாலும் பத்திரிகை அடிக்கறதுக்கு முந்தி எனக்குப் போன் வந்துரும். "மாமா, பந்திக்கு நீங்க நின்னுக்கோணும்." சமைக்கறவன் சமைப்பான், பரிமாறறவன் பரிமாறுவான். ஆனா ஒவ்வொரு இலைக்கும் முன்னாடி போயி, குனிஞ்சு, முகத்தைப் பார்த்து, "ஏனுங்க, கை நிக்குது, ரசம் ஊத்தச் சொல்லட்டுமா"ன்னு கேக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்லீங்க? அந்த ஆளு நாந்தான். நான் நின்ன பந்தியில அரை வயித்தோட எந்திரிச்சவன் கிடையாது. மாப்பிள்ளையோட பெரியப்பன் ஒருத்தர் கோவிச்சுக்கிட்டு மண்டபத்து வாசல்லயே நின்னாரு. கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உக்கார வச்சு, சர்க்கரை இருக்குதுன்னு சொன்ன மனுசனுக்கு ஜாங்கிரி மேல ஜாங்கிரியா வச்சு அனுப்பினேன். சாயங்காலம் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களாம். அது வேற விசயம். கோவம் தீர்ந்து போச்சா இல்லையா?

அப்பேர்ப்பட்ட என்னைய ஒரு பல்லி அவமானப்படுத்திருச்சுங்க.

எம்பொண்ணு தாரணி, ஒரே பொண்ணு. பெங்களூர்ல கம்பியூட்டர் வேலை. பெருந்துறையில மண்டபம் பிடிச்சுக் கட்டிக் குடுத்தேன். பாயசமே மூணு தினுசு. அந்தக் கல்யாணத்துச் சாப்பாட்டை இன்னிக்கும் பேசறாங்க. ஒரு குறை சொல்லச் சொல்லுங்க பார்ப்போம். அப்படி நடந்த கல்யாணம். ரெண்டு வருசம் கூட முழுசா ஓடலை, ஐப்பசி மழையில ஒரு நாள் காலங்காத்தால வாசல்ல டாக்சி வந்து நிக்குது. எறங்கறா. ஒரு பொட்டி, கையில ஒரு கண்ணாடித் தொட்டி, அதுக்குள்ள அந்தப் பல்லி. மாப்பிள்ளை வரலை.

"என்னம்மிணி, மாப்பிள்ளை?"ன்னேன்.

"ஒத்து வரலைப்பா. நான் வந்துட்டேன். அப்பறம் பேசலாம்"ன்னா.

அப்பறம்னா எப்பங்க? சாப்பிடறப்பத்தான? மனுசன் மனசுல இருக்கறதெல்லாம் இலை முன்னாடி உக்காந்தாத்தான் வெளிய வரும். அதனால காலையில இட்லி வைக்கறப்ப ஒருக்காக் கேட்டேன். மத்தியானம் கொழம்பு ஊத்தறப்பக் கேட்டேன். ராத்திரி தோசை போடறப்பக் கேட்டேன். வேற எப்பவும் கேக்கலைங்க. அதுக்கே அந்தப் பொண்ணு தட்டை எடுத்துக்கிட்டு அவ ரூமுக்குப் போக ஆரம்பிச்சுட்டா. உள்ள போயித் தாழ்ப்பாள் வேற. தனியா உக்காந்து சாப்பிட்டா உடம்புல ஒட்டுமுங்களா? ஆசாரியைக் கூட்டிட்டு வந்து அந்தத் தாழ்ப்பாளைக் கழட்டிப்போட்டேன். துருப்பிடிச்சிருந்துச்சுன்னு சொல்லிக்கிட்டேன். எல்லாம் அவ நல்லதுக்குத்தான்.

பல்லியைப் பத்திச் சொல்ல வந்தேன் பாருங்க. நம்மூட்டுச் செவுத்துல ஓடுமே, அந்தப் பல்லி இல்லை இது. சிறுத்தைப் பல்லின்னு தாரணி சொன்னா. மஞ்சள் உடம்புல கருப்புப் புள்ளி புள்ளியா இருக்கும். செவுத்துல ஏறாது, தரையில பதவிசா நடக்கும். நம்ம பல்லி கண்ணை மூடாது, இது நம்மளாட்டக் கண்ணை மூடித் தூங்கும். வாயி எப்பவும் சிரிச்ச மாதிரியே இருக்கும். அதுக்கு மிக்சருன்னு பேரு வச்சிருந்தா. குட்டி, எஞ்சுண்டு வெரல் நீளம் இருந்தா ஜாஸ்தி. பெங்களூர்ல நல்லாத் தின்னுக்கிட்டு இருந்துச்சாம். எங்கூட்டுக்கு வந்ததுல இருந்து வாயைத் தொறக்கலை. நம்ம பல்லின்னா நாம ஏதாச்சும் பேசறப்ப உச்சு கொட்டி நல்ல வாக்காவது சொல்லும். இது அதுவும் கிடையாது.

முதல் நாள் தாரணி ஒரு புழுவை வெள்ளைப் பொடியில பெரட்டி உள்ள விட்டா. கால்சியமாமா. எனக்குப் பார்த்ததும் பிடிச்சுப் போச்சுங்க, இட்லிக்குப் பொடி தடவற மாதிரியேதான் இருந்துச்சு. ஆனா பல்லி திரும்பிக் கூடப் பார்க்கலை. ஒரு தேங்காத்தொட்டியைக் கவுத்து வச்சு ஓட்டை போட்டிருந்தா, அதுக்குள்ள போயித் தலையை இழுத்துக்கிச்சு. மக்கா நாளும் அதே. அதுக்கு மக்கா நாளும் அதே.

சேலம் வர்றதுக்கு இன்னும் நேரமிருக்குது. ஒரு இட்லி? ஒண்ணே ஒண்ணு? காபி குடிச்சுட்டீங்களா... காபி குடிச்சா என்னங்க, காபிக்கு மேல இட்லி எறங்காதா? சரி சரி, முறைக்காதீங்க.

என்ற வீட்டுக்கு வந்த ஒரு ஜீவன் சாப்பிடாமக் கிடக்குதுன்னா நான் எப்படிங்க கையைக் கட்டிக்கிட்டு இருப்பேன்? எறங்கிட்டேன். வாழையெலை நுனியைக் கிள்ளி, தொட்டி அளவுக்குக் கத்தரிச்சு, நுனி இடது பக்கம் வர்ற மாதிரி உள்ள போட்டேன். மொறைன்னு ஒண்ணு இருக்குதில்லீங்க? அது மேல புழுவை வச்சேன். அந்தத் தேங்காத்தொட்டியை எடுத்து அக்கட்டால வீசினேன். விருந்துக்கு வந்தவன் முகத்தை மூடிக்கிட்டு உக்காரலாமா? கண்ணாடித் தொட்டியைத் தாரணி ரூம்ல இருந்து தூக்கிட்டு வந்து ஹால்ல, டிவிக்குப் பக்கத்துல வச்சேன். நாலு பேரு நடமாட்டம் இருந்தாத்தானே பசி எடுக்கும். டியூப் லைட்டைப் போட்டேன். வேர்க்காமச் சாப்பிடட்டும்னு டேபிள் ஃபேனைக் கொண்டாந்து நேரா அதும்மேல திருப்பி வச்சேன். குனிஞ்சு, கண்ணாடியை ரெண்டு தட்டுத் தட்டி, "மிக்சரு, கூச்சப்படாமச் சாப்பிடு சாமி, இது உன்ற வீடு"ன்னேன். வேற என்னங்க உபசாரம் பண்றது?

தாரணி ஆபீஸ் வேலையை வீட்டுல இருந்தே பார்த்துக்கிட்டிருந்தா. மத்தியானம் எந்திரிச்சு வந்து பார்த்துட்டுக் கத்தறா. "அப்பா, அதுக்குச் சூடு வேணும், ஃபேனை வச்சிருக்கீங்க! அது இருட்டுல சாப்பிடற ஜந்துப்பா, லைட்டைப் போட்டிருக்கீங்க! அந்தத் தேங்காத்தொட்டியை எடுத்தா அது எங்கப்பா ஒளியும்?"

"எதுக்குக் கண்ணு ஒளியோணும்? இங்க யாரு அதைக் கடிச்சுத் தின்னப் போறாங்க?"ன்னேன். கேட்டது தப்புங்களா? எங்கூட்டுக்காரி ரத்தினா அடுப்படியில இருந்து, "நீங்க சித்த நேரம் சும்மா இருந்தாப் போதும், வீட்டுல எல்லா ஜீவனும் சாப்பிடும்"ங்கறா. அவளுக்கு என்ன தெரியும், அவ பந்தி விசாரிச்சிருக்காளா?

அதுக்குள்ள ஊருக்கு விசயம் போயிருச்சு. ஒறம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் வர ஆரம்பிச்சுட்டாங்க. பல்லி பார்க்கறமுன்னு வருவாங்க. வந்தவங்க தொட்டிக்குள்ள கையை விட்டு ஒருக்காத் தூக்கிப் பார்ப்பாங்க. "அடே, சிரிக்குது பாரு"ம்பாங்க. அப்பறம் காபியைக் குடிச்சுக்கிட்டே தாரணியைக் கூப்பிடச் சொல்லுவாங்க. "ஏன் கண்ணு எளைச்சுட்டே? எப்பத் திரும்பிப் போறே? மாப்பிள்ளை கையி நீட்டுவாரா? கொழந்தை இல்லைன்னு ஏதாச்சும்...?" பாசந்தானுங்க. பாசமில்லாதவன் கேப்பானா? எம்மச்சான் வேலுச்சாமி, ரத்தினாவோட தம்பி, அவன் தினமும் வருவான். பல்லி முகத்தைப் பார்ப்பான், தாரணி முகத்தைப் பார்ப்பான், ரெண்டுக்கும் திருஷ்டின்னுட்டு ஒரே உப்பு மொளகாயில ரெண்டையும் சேர்த்துச் சுத்திப் போட்டான். அடுப்புல நெடியே வரலைங்க. அப்ப எவ்வளவு திருஷ்டி இருந்திருக்கோணும் பாருங்க.

பல்லிக்கு வாலுதான் சோத்து மூட்டையாமா, தெரியுமுங்களா? தின்ன கொழுப்பெல்லாம் வாலுல சேத்து வச்சிருக்குமாமா. வந்தப்பத் தடியா இருந்த வாலு வத்திக்கிட்டே வருது. அப்பத்தான் எனக்கே பயம் வந்துச்சு. செத்துக் கித்துப் போச்சுன்னா? தாரணி அந்தப் பல்லி மேல உசுரையே வச்சிருந்தாளுங்க. துணிமணியைத் தவிர மாப்பிள்ளை வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்தது அது ஒண்ணுதான். நகை கூட எடுத்துட்டு வரலை. அது போச்சுன்னா அந்தப் பொண்ணு என்ன ஆவாளோன்னு நெனைச்சப்ப எனக்கே சோறு எறங்கலை. எனக்குங்க! எனக்கே!

கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போனோம். பல்லி, பாம்பு, ஆமைக்கெல்லாம் வைத்தியம் பண்ற டாக்டரம்மா ஒண்ணு இருக்குது. சின்னப் பொண்ணு, ஊதுனாப் பறந்துரும். போனதும் ஒப்புட்டு எடுத்து நீட்டினேன், "அப்பறம் சாப்பிடறனுங்க"ன்னு மேசை மேல வச்சுருச்சு. அப்பவே எனக்கு நம்பிக்கை போயிருச்சு. பல்லியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, தாரணிகிட்ட ஒவ்வொண்ணாக் கேக்குது. எப்ப இருந்து சாப்பிடலை, எங்க வச்சிருக்கீங்க, யாரெல்லாம் தொடறாங்க. அவ வாயைத் தொறக்கறதுக்குள்ள நானே எல்லாத்துக்கும் தெளிவாப் பதில் சொல்லிட்டேன். இலை போட்டதைச் சொன்னேன், ஃபேன் வச்சதைச் சொன்னேன், ஒண்ணையும் மறைக்கலை. அந்தம்மா பல்லியைத் தொட்டிக்குள்ள விட்டுட்டு எம்பக்கம் திரும்புச்சு.

"ஐயா, இதுக்கு நோய் ஒண்ணும் இல்லைங்க. பயந்து போயிருக்குது. புது எடம். அதுக்கு ஒரு மூலையும் ஒளிஞ்சுக்க அந்தத் தேங்காத்தொட்டியும் அடி வயித்துக்குக் கொஞ்சம் சூடும் வேணும். துணியைப் போட்டு மூடி வச்சுருங்க. பொழுது சாஞ்சதும் சாப்பாட்டை வச்சுட்டு எந்திரிச்சு வந்துருங்க. யாரும் பார்க்க வேண்டாம், தூக்க வேண்டாம், பக்கத்துல நின்னு பேசக்கூட வேண்டாம். அதுவாச் சாப்பிடும்"ன்னு சொல்லுச்சு.

பார்க்க வேண்டாமாமா! ஒரு ஜீவன் சாப்பிடறப்பப் பக்கத்துல நின்னு "போதுமா, இன்னுங் கொஞ்சம்?"னு கேக்கக் கூடாதாமா. டாக்டருக்குப் படிச்ச புள்ளை சொல்லுது. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அப்பறம் அந்தம்மா, "நீங்க சித்த வெளிய உக்காருங்க, அவங்ககிட்டப் பேசிக்கறேன்"ன்னுச்சு. வெளிய வந்து கதவுல காதை வச்சேன். வார்த்தை புரியலை. ஆனா தாரணி பேசறா, பேசறா, நிறுத்தாமப் பேசறா. எங்கூட்டுக்கு வந்து அத்தனை நாள்ல அவ அவ்வளவு பேசி நான் கேக்கலைங்க. எங்கிட்டப் பேசறதுக்கு அந்த வாய்க்கு என்ன வந்துச்சு? அழுதுட்டு வெளிய வந்தா. பல்லிக்கு நோயில்லைன்னு சொன்னதுக்கு எதுக்கு அழுகோணும்?

டாக்டர் சொன்னபடியேதான் நடந்துக்கிட்டேன், இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. தொட்டி மறுபடி அவ ரூமுக்குப் போச்சு. தேங்காத்தொட்டி வந்துச்சு, அடியில சூட்டுக்குக் கரண்டுப் பாய் ஒண்ணு வந்துச்சு. என் வேட்டியில ஒண்ணைக் குடுத்து மூடச் சொன்னேன். ஒறம்பரை ஒருத்தரையும் உள்ள விடலை. நானும் ரூம் பக்கமே போகலை.

ஆனா மனசு கேக்குமுங்களா? தின்னுச்சா இல்லையான்னு தெரியாம ஒரு மனுசன் எப்படிங்க தூங்கறது? மண்டியில லோடு ஏத்தற எடத்துல கேமரா வச்சிருக்கறோம். அதுல ஒண்ணு உபரியா இருந்துச்சு. அவ குளிக்கப் போனப்ப அலமாரி மேல கொண்டுட்டுப் போயி வச்சுட்டேன். பல்லித் தொட்டிக்கு நேராத்தானுங்க வச்சேன். ஓரத்துல அவ தட்டு வைக்கிற ஸ்டூலும் தெரிஞ்சுது, அதுக்கு நான் என்ன பண்றது? எனக்குத் தெரிய வேண்டியதும் அவ்வளவுதான். பல்லி தின்னுச்சா, தாரணி தட்டு காலியாச்சா. மண்டியில உக்காந்துக்கிட்டே போன்ல பார்த்துக்குவேன். தூரத்துல இருந்து பார்த்தா அது பார்த்த கணக்காகுமா? டாக்டர் பக்கத்துல நிக்காதீங்கன்னுதான் சொல்லுச்சு.

நீங்க ஒரு மாதிரி பார்க்கறீங்க. வேலுச்சாமி பார்க்கலை. அவன் "நல்ல யோசனை மாமா"ன்னான்.

அன்னிக்குச் சாயங்காலம் மண்டியில ஏலம் முடிஞ்சு கூட்டமா இருந்துச்சு. போனை எடுத்துப் பார்க்கறேன், தாரணி ரூம்ல விளக்கை அணைச்சுட்டு, ஓரமா ஒரு சின்ன வெளிச்சத்துல தரையில சம்மணம் போட்டு உக்காந்திருக்கறா. வேட்டியை விலக்கி ஒரு இடுக்கியில புழுவைப் பிடிச்சு நீட்டிக்கிட்டே இருக்கறா. அசையாம. எவ்வளவு நேரமா உக்காந்திருந்தாளோ. பக்கத்துல ஸ்டூல் மேல அவ தட்டு, அதுலயும் கொஞ்சம் பருப்புச் சோறு தின்னது தெரியுது. எனக்கு அதுவே நெஞ்சு குளுந்து போச்சு. அப்பப் பார்த்து அந்த மிக்சரு தேங்காத்தொட்டியில இருந்து தலையை நீட்டுது. வருது. ஒரு அடி வைக்குது, நிக்குது. வாலு நுனி ஆடுது.

"டேய் வேலுச்சாமி, வாடா!"ன்னேன். வேலுச்சாமி வந்தான், மூட்டை தூக்கறவங்க வந்தாங்க, வெல்லம் வாங்க வந்த ஏவாரிங்க வந்தாங்க. எல்லாரும் எம்போன் மேல கவுந்துக்கிட்டாங்க. மேட்ச் பார்க்கற மாதிரி மூச்சுக் காட்டாம நிக்கறோம். லபக்குன்னு கவ்வுச்சுங்க! வாய் நெறையாப் புழு, மென்னுக்கிட்டு நிக்குது. தாரணி முகத்தைப் பார்க்கோணும், அப்படி ஒரு சந்தோசம். சொன்னா நம்ப மாட்டீங்க, எங்கண்ணுல தண்ணி வந்துருச்சு.

அந்தக் கேமராவுல பேசவும் செய்யலாம். பட்டனை அமுக்கினா நாம பேசறது அங்க கேக்கும். நான் வேணும்னு அமுக்கலைங்க, கை தானாப் போச்சு. முப்பது வருசப் பழக்கமில்லீங்க? அமுக்கி, "சபாஷ்! அப்படித்தான் சாமி! தாரணி, இன்னொண்ணு வை! கூச்சப்படாமச் சாப்பிடச் சொல்லு! உன்ற தட்டுலயும் சோறு மிச்சம் இருக்குது பாரு கண்ணு!"ன்னு சொல்லிட்டேன். பின்னாடி மண்டியில இருந்தவங்க எல்லாம் ஓன்னு கத்தி விசிலடிச்சுட்டாங்க.

வாயில இருந்த புழு கீழ விழுந்துச்சு. வாலு தனியாத் தெறிச்சு விழுந்து துள்ளுது. பல்லி ஒரு பக்கம், வாலு ஒரு பக்கம். ஸ்டூலு சாஞ்சு சோறெல்லாம் தரையில. தாரணி அலறலைங்க. மெதுவாத் தலையைத் தூக்கி மேல பார்த்தா. எந்திரிச்சு வந்து ஸ்டூலை நிமித்திப் போட்டு அது மேல ஏறினா. அவ முகம் எம்போன் நெறைய வந்து நிக்குது. கேமராவுக்குக் கையை நீட்டினா. அப்பறம் கருப்பாயிருச்சு.

வீட்டுக்குப் போனா, "இது எப்ப இருந்துப்பா?"ன்னா. அது ஒண்ணுதான் கேட்டா.

"நீ சாப்பிடறயான்னு பார்க்கத்தான் கண்ணு வச்சேன்"ன்னேன். நெசத்தைச் சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

மக்கா நாள் விடிஞ்சதும் கெளம்பிட்டா. மாப்பிள்ளைகிட்டப் போகலை. கூட வேலை செய்யற பொண்ணு ஒருத்தி பெங்களூர்லயே எங்கியோ ரூம் பார்த்துக் குடுத்திருக்குதாமா, அங்க. மடியில அந்தத் தொட்டி, அதுக்கு மேல என் வேட்டி. வழியில சாப்பிடறதுக்குன்னு நான் ஓடிப்போயி டிபன் கட்டிட்டு வந்து கையில திணிச்சேன். வாங்கிக்கிட்டா. கார் போன பின்னாடி பார்க்கறேன், காம்பவுண்டு செவுத்து மேல அது அப்படியே இருக்குதுங்க. கட்டுப் பிரிக்கலை.

அவ்வளவு பந்தி பார்த்திருக்கறேன் தம்பி. இலையை மூடிட்டு எந்திரிச்சவங்களைப் பார்த்திருக்கறேன். கட்டிக் குடுத்த சோத்தைச் செவுத்து மேல வச்சுட்டுப் போனவளை நான் பார்த்ததே இல்லைங்க. ரொம்ப வலிச்சுது. இப்பச் சொல்றப்பவும் வலிக்குது.

போச்சாது, விடுங்க. போன வாரம் ரத்தினா போனுக்கு ஒரு வீடியோ வந்துச்சு. எனக்கு அனுப்பலை, அவங்கம்மாவுக்குத்தான். ரத்தினா கோயிலுக்குப் போனப்ப எடுத்துப் பார்த்தேன். சின்ன ரூமு. சாமான் ஒண்ணும் கிடையாது. தரையில அந்தத் தொட்டி. மிக்சரு நடந்து வருது, ஒரு புழு, லபக். இன்னொரு புழு, லபக். யாரும் "இன்னொண்ணு வை"ன்னு சொல்லலை, அதுவாத் தின்னுது. புது வாலு மொளைச்சிருக்குது, குண்டா, முள்ளங்கியாட்ட. ஓரத்துல தாரணி கையி தெரியுது. தட்டுக் கூட இல்லைங்க, குண்டாவோட வச்சுத் தயிர்ச்சோறு தின்னுக்கிட்டிருக்கறா. சிரிக்கறா. அவ கல்யாணத்துக்கு முந்தி கேட்ட சிரிப்பு அது. நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

எனக்கு ஒண்ணுதான் வெளங்கலை. எங்கூட்டுல இல்லாதது அந்த ரூம்ல என்ன இருக்குது? வாழையெலை இல்லை, கூட நாலு பேரு இல்லை, ஏன்னு கேக்க ஒரு நாதி கிடையாது. யாருமே இல்லாத எடத்துல எப்படிங்க சோறு எறங்குது?

அதைத்தான் நேர்ல பார்த்துட்டு வந்துரலாம்னு கெளம்பிட்டேன். அவளுக்குத் தெரியாது. சொன்னா வேண்டாம்பா. ரத்தினாகிட்ட சேலத்துல ஒரு காரியம்னுட்டு வந்திருக்கறேன், இந்தச் சாப்பாட்டையும் அதுக்குத்தான் கட்டிக் குடுத்தா. விலாசம், தாரணி அவங்கம்மாவுக்கு அனுப்பின ஒரு பார்சல் அட்டையில இருந்துச்சு. வண்டி ஒரு மணிக்கெல்லாம் பெங்களூர் போயிரும். ஞாயித்துக்கிழமை, ரெண்டு மணிக்குச் சாப்பிட உக்காருவா. அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டினேன்னா ரெண்டும் சாப்பிடறதைக் கண்ணாலயே பார்த்துரலாம். பல்லிக்கு இந்தப் புழு, அவளுக்கு ஒப்புட்டு. பக்கத்துல நின்னு நானே வச்சு...

என்ன சொன்னீங்க? இவ்வளவு நேரம் வாயைத் தொறக்காம இப்ப ஒண்ணு சொல்றீங்க. கதவைத் தொறக்கலைன்னா என்ன பண்ணுவீங்கன்னா?

தொறப்பாளுங்க.

அதெப்படித் தொறக்காமப் போவா? சோறு கொண்டுட்டு வந்தவனை வெளிய நிறுத்துவாங்களா யாராச்சும்?

...நிறுத்தினாலும் நிறுத்துவா. அந்தச் செவுத்து மேல வச்சுட்டுப் போனாளே. அந்த ரூம்ல தாழ்ப்பாள் இருக்குமில்ல.

சரிங்க, அப்ப ஒண்ணு பண்றேன். தட்டலை. கேரியரை வாசப்படியில வச்சுட்டு, புழு டப்பாவை அதும்பக்கத்துல வச்சுட்டு, படிக்கட்டுல கீழ எறங்கி நின்னுக்கறேன். டாக்டர் சொன்னாப்புல. வச்சுட்டு வந்துருங்க, பார்க்காதீங்கன்னு. என்னால முடியாதுன்னா நெனைக்கறீங்க? ரத்தினாவும் முடியாதுன்னுதான் சொல்லுவா. முடியுமுங்க. வேணும்னா இப்பவே பாருங்க. இந்தா, உங்க பலகை மேல ரெண்டு இட்லி வச்சாச்சு. கேக்க மாட்டேன். பார்க்கவும் மாட்டேன். இந்தா, ஜன்னல் பக்கம் திரும்பிட்டேன். மேட்டூர் மலை தெரியுது, அதையே பார்த்துக்கிட்டிருக்கறேன். நீங்களாச்சு, இட்லியாச்சு.

நல்ல பச்சையா இருக்குதுங்க இந்த வருசம். மழை பரவாயில்லை.

தம்பி, சத்தமே கேக்கலையே. ஒண்ணாவது எடுத்தீங்களா?